வறண்ட குளமும் ரப்பர் கால்சட்டையும்

குளத்தின் நிலையை மதிப்பிடப் போகிறவன் குளத்துக்கேற்ற உடையில் போக வேண்டும் என்பது என் கொள்கை. ஆகவே மார்புவரை ஏறும் ரப்பர் கால்சட்டையும் தோளில் கைவலையுமாக இறங்கினேன். குளத்தில்தான் தண்ணீர் இல்லை.

"சார் நீச்சலடிக்க வந்திருக்காரு போல," என்றான் ஹார்லன், குளக்கரையில் நிறுத்திய டிராக்டரில் உட்கார்ந்து அவித்த கடலையை உரித்துக்கொண்டே.

"வாய மூடுடா," என்றாள் அவன் அக்கா லர்லீன்.

அப்பலாச்சிகோலா ஆற்றுப் பக்கம் அவர்கள் அப்பா விட்டுப்போன பைன் காடு அது. நடுவிலிருக்கும் குளத்தை உழுது மேடு கட்டிக் கன்று நட வேண்டும் என்பான் தம்பி. தவளைச் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது என்பாள் அக்கா. கடைசியில் தீர்ப்பை என் தலையில் கட்டினார்கள். குளம் நல்ல நிலையில் இருக்கிறது என்று நான் சொன்னால் டிராக்டர் வீட்டுக்குப் போகும். இல்லையென்றால் இன்றே உழவு.

"புதர அழிக்க ஊரே குளிர்காலத்துலதான் காட்டுக்குத் தீ வைக்குது," என்றான் ஹார்லன். " இவ மட்டும் மே மாசம் வச்சா. அதுவும் குளத்துக்குள்ளயே! புகை தாங்காம பாதிரியார் பிரசங்கத்தப் பாதியில நிறுத்திட்டாரு."

"அதுக்கு எத்தன பேரு எனக்கு நன்றி சொன்னாங்க தெரியுமா?"

எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. குளிர்காலத்தில் குளத்தில் தண்ணீர் நிற்கும், தீ கரையோடு அணைந்துவிடும், உள்ளே புதர் மண்டும். லர்லீன் வறண்ட காலத்தில் வைத்த தீ குளத்துக்குள்ளேயே நடந்து போயிருந்தது. ஒரு புதர் இல்லை. கம்பிபோன்ற புல் கற்றை கற்றையாகப் பூத்துக் கிடந்தது. சைப்ரஸ் மரங்களில் என் இடுப்பு உயரத்தில் பழைய தண்ணீர்க் கறை.

"புல்லு என் வீட்டு வாசல்லயும்தான் இருக்கு," என்றான் ஹார்லன். "குளம்னா ஏதாவது உசிரு வேணாமா சார்?"

கேள்வி நியாயமானது. என் படிவத்தில் செடிகளுக்கு முழு மதிப்பெண் போட்டாயிற்று. உயிரினம் என்ற இடம் காலி. அதைக் காலியாக விட்டு, குளம் நல்லது என்று எழுத எனக்கு மனசு வராது. லர்லீன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பீரமாகத் திரும்பி நடந்தேன். ரப்பர் கால் ஒரு புல் கற்றையில் மாட்ட, குப்புற விழுந்தேன்.

ஹார்லன் சிரித்த சிரிப்பில் கடலை சிதறியது. நான் எழவில்லை. என் மூக்குக்கு நேராக, புல்லின் அடியில், கண்ணாடி மணிபோல் ஏழெட்டு முட்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டி வால் துடித்தது.

"யாரும் அசையாதீங்க!" என்று கத்தினேன். "சாலமாண்டர்! சாலமாண்டர் முட்டை!"

பல்லி உடம்பும் தவளைத் தோலுமான அந்தப் பிராணியைத் தேடித்தான் வருஷக்கணக்காக வலையோடு தண்ணீரில் அலைகிறேன். அது வறண்ட குளத்தில்தான் முட்டையிடும், மழை வந்து நிறையும்வரை குஞ்சு முட்டைக்குள்ளேயே காத்திருக்கும் என்று போன வாரம்தான் ஒரு கூட்டத்தில் முழங்கிவிட்டு வந்தேன். பேசியது நானே, கேட்காததும் நானே.

லர்லீன் மண்டியிட்டாள். ஹார்லன் இறங்கி வந்து பக்கத்தில் குனிந்தான்.

"அக்கா... அசையுதுக்கா!"

"புதரு இருந்தா இந்தப் புல் இருக்காது. புல் இல்லேன்னா இதுவும் இல்ல," என்றேன். "எல்லாம் உங்க அக்கா வச்ச தீயால. குளம் ரொம்ப நல்ல நிலையில இருக்கு!"

"சரி சரி, கத்தாதீங்க. பயந்துக்கப் போவுது."

டிராக்டரை லர்லீன்தான் பின்னால் எடுத்தாள். ஹார்லன் நான்கு காலில் தவழ்ந்து, சக்கரம் போகும் வழியில் புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தான்.

"நில்லுக்கா! இங்க ஒண்ணு... இல்ல, கடலத் தோலு. வா, மெதுவா வா."

நடுவில் ஒருமுறை வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"ஏன் சார், மழை எப்ப வரும்?"