விருப்பப் பயிற்சி

காலை ஐந்தரைக்கே மைதானம் அடுப்பாய்க் கொதித்தது. ஆகஸ்ட் மாத மிசிசிப்பியில் ராத்திரிகூட வெக்கை இறங்காது. கோர்டெல் இருபதாவது தடவையாக அரங்கின் படிகளில் ஏறிக்கொண்டிருந்தான். மார்புக் கவசத்துக்குள் வியர்வை தேங்கி நின்றது. முந்தின நாள் இரண்டு பேர் வகுப்புக்கு மட்டம் போட்டதற்குக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி முழுவதற்கும் இந்தத் தண்டனை.

"கோச்... தண்ணி" என்றான் முன்னால் ஏறிய சியோனே.

"எதிராளி தண்ணி குடுப்பானா? ஏறுடா!" என்று கீழிருந்து கத்தினார் கோச் ப்ரூயிட்.

இன்னும் நான்கு படி ஏறிச் சரிந்தான் சியோனே. உடம்புச் சூட்டைத் தணிக்க அவனைப் பனிக்கட்டித் தொட்டிக்குத் தூக்கப் போன மருத்துவ உதவியாளரை, "நடிக்கிறான், விடு" என்று கோச் தடுத்தார். ஆம்புலன்ஸ் வந்தபோது அவன் உடம்பு தொட முடியாமல் சுட்டது.

மதியம் கூட்ட அறையில் கதவைச் சாத்தினார்கள். ஆஸ்பத்திரியில் சியோனே இன்னும் கண் திறக்கவில்லை. முதல் வரிசையில் இருந்த கோர்டெலிடம் கோச் ஒரு தாளை நீட்டினார். 'காலையில் நடந்தது விருப்பப் பயிற்சி. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.' கீழே எண்பது பேர் கையெழுத்துக்கு இடம்.

கோர்டெல் அதை இன்னொரு முறை படித்தான். வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்பது கல்லூரி விளையாட்டு விதி. நாற்பது மணி நேரம் உழைத்துவிட்டு, மிச்சமெல்லாம் விருப்பம் என்று வாராவாரம் கையெழுத்துப் போட்டவன்தான் அவனும். படிப்புக்கான உதவித்தொகை வருஷத்துக்கு வருஷம் கோச் மனசு வைத்தால்தான் உண்டு. அது போனால் கோழி வெட்டும் ஆலையில் அம்மாவுக்குப் பக்கத்தில் கத்தியோடு நிற்க வேண்டியதுதான்.

"என்ன, பேனா கனக்குதா?"

"வராதவன நீக்கிடுவேன்னு சொன்னீங்களே கோச். அது எப்படி விருப்பமாகும்?"

"கேள்வி கேக்க நீ என்ன தொழிலாளியா? மாணவன்டா! சோறு, படுக்கை, படிப்பு எல்லாம் ஓசி."

"அப்ப சனிக்கிழமை அறுபதாயிரம் பேரு டிக்கெட் வாங்கி வர்றது நாங்க பரீட்சை எழுதுறதப் பாக்கவா, கோச்?" என்றான் பின்வரிசை வெண்டெல், வாய் சும்மா இருக்காதவன். யாரோ சிரித்து, பயந்து அடக்கிக்கொண்டார்கள்.

"கையெழுத்துப் போடாதவன் சாயங்காலமே பெட்டியக் கட்டலாம்."

கோர்டெல் பேனாவை எடுத்தான். அச்சடித்த வரியை அடித்தான். 'கட்டாயம். தண்ணீர் தரவில்லை. இதுவரை நாங்கள் எழுதிக் கொடுத்த மணிக்கணக்கும் பொய்' என்று எழுதிப் பெயரைப் போட்டான்.

"குடுடா அத!"

தாள் அதற்குள் காரெட்டிடம் போய்விட்டது. அணியில் விளம்பரப் பணம் பார்க்கிற ஒரே ஆள், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன். இவன் எதற்குக் கோச்சைப் பகைப்பான், தொலைந்தோம் என்று நினைத்தான் கோர்டெல். காரெட் இரண்டு முறை படித்தான். "என் பேரு இதுல இருந்தா பேப்பர்காரன் படிப்பான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுப் பின்னால் தள்ளினான்.

கோச் நாற்காலிகளுக்கு நடுவே பாய்ந்தார். கோர்டெல் எழுந்தான். அவனுக்கு இடமும் வலமும் இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். எதிராளி காரெட்டைத் தொடாதபடி தோளோடு தோள் சேர்த்துத் தடுப்பதுதான் சனிக்கிழமைகளில் அந்த ஐவரின் வேலை. கை ஓங்கவில்லை, சும்மா நின்றார்கள்.

"நகருங்கடா! உங்க அஞ்சு பேரு கதையும் முடிஞ்சுது!"

இருக்கலாம். கோர்டெல் பக்கத்துத் தோளோடு இன்னும் நெருங்கி நின்றான். முதுகுக்குப் பின்னால் பேனா கைமாறிக்கொண்டிருந்தது. ஒருத்தனும் நகரவில்லை.