அடையாளம் தெரியாத அடி

காலை ஆறே முக்காலுக்கு முதல் அடி விழும். சில நாள் விலாவில், சில நாள் முன்கையில். ஏழாம் அறைக் கிழவர் கைத்தடியை ஓங்க மாட்டார். ஓங்கி அடிப்பவன் தொழில் தெரியாதவன். தடியைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு, எலும்பைப் பார்த்து ஒரு குத்து. அவ்வளவுதான். உயிர் போய் உயிர் வரும்.

"எந்த பிளாக்குடா நீ?"

"குளிக்கணும் ஐயா. தண்ணி ஆறிடும்."

"கேட்டதுக்குப் பதில்."

"நாலாவது பிளாக் ஐயா."

"நம்பர்?"

"நூத்திப் பதினெட்டு."

எண்ணைச் சொன்னால் இரண்டு நிமிடம் அமைதியாக இருப்பார். அதற்குள் சட்டையைக் கழற்றிக் குளியல் நாற்காலியில் உட்காரவைத்துவிடலாம். குளிப்பாட்டுகிற பச்சை எந்தச் சிறையையும் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. நூற்றுப் பதினெட்டு, அவன் வேலைக்கு வரும் பேருந்தின் எண்.

கிழவர் முப்பத்தொரு வருடம் சிறையில் இருந்தவர். அதிகாரியாக, சம்பளம் வாங்கிக்கொண்டு இருந்தவர். முதியோர் இல்லத்தில் அவரை எல்லாரும் சூப்ரெண்டு என்றே கூப்பிட்டார்கள். பெண்டாட்டி செத்தது அவருக்கு மறந்துபோயிற்று. சாப்பிட்டோமா என்பது மறந்துபோயிற்று. கை மட்டும் எதையும் மறக்கவில்லை.

மற்ற பணியாட்களை அவர் அடிப்பதில்லை. அவர்களைக் காவலர்கள் என்று நினைத்து, சாவியை ஒழுங்காகப் பூட்டச் சொல்வார். பச்சை மட்டும்தான் கைதி. காரணத்தை யாரும் சொல்ல வேண்டியதில்லை. கழுத்திலிருந்து விரல் நுனிவரை பச்சை குத்தியிருந்தான். பெயரும் அப்படி வந்ததுதான். வீட்டில் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

லாரிக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் இருந்தபோது கூட்டாளி ஒருவன் பச்சை குத்தப் பழகிக்கொண்டிருந்தான். பழக ஒரு தோல் வேண்டும் என்றான். இவன் இடது கையை நீட்டினான். அதனால் இடது கையில் இருக்கும் மீன் செருப்பு மாதிரி இருக்கும். வலது கைக்கு வருவதற்குள் அவனுக்குத் தொழில் கைவந்துவிட்டது. புலி புலியாகவே வந்தது. கடைசியாகக் கழுத்து.

"கழுத்து வேணாம்டா. எவனும் வேலை குடுக்க மாட்டான்." குத்துகிறவனே சொன்னான்.

"நீ குத்து."

குடித்திருக்கவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை. கண்ணாடியில் பார்த்தபோது பிடித்திருந்தது. இன்றைக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் கூட்டாளி சொன்னது நடந்தது. பட்டறை மூடியபின் பதினோரு இடத்தில் வேலை கேட்டான். பதினோரு பேரும் கழுத்தைப் பார்த்துவிட்டு, ஆள் எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். பேருந்தில் பக்கத்து இருக்கையில் யாரும் உட்கார மாட்டார்கள். அதில் ஒரு சௌகரியமும் இருந்தது. காலை நீட்டிக்கொள்ளலாம். உண்மையில் அவன் பிறந்ததிலிருந்து ஒருத்தர்மேல் கை வைத்ததில்லை. யாராவது சத்தம் போட்டாலே அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவான்.

பன்னிரண்டாவது இடம் இந்த இல்லம். கிழவர்களைக் குளிப்பாட்டும் வேலைக்கு ஆள் தங்குவதில்லை, அதனால் எடுத்தார்கள். முழுக்கைச் சட்டை போட வேண்டும் என்றார் மேலாளர் மேடம். தொற்று வராமலிருக்க, கை கழுவுகிறவர்கள் சட்டைக்கையை முழங்கைக்கு மேலே ஏற்றியிருக்க வேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது. இரண்டு விதியும் ஒரு வாரம் மோதின. இரண்டாவது ஜெயித்தது.

மூன்றாவது விதி ஒன்று இருந்தது. அடி, கடி, கீறல், எதுவானாலும் அன்றைக்கே சம்பவப் புத்தகத்தில் எழுத வேண்டும். ஒரே ஆளின் பெயர் மூன்று முறை வந்தால் அவரை மேல்மாடிக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே மணிக்கட்டைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டுவார்கள். தூங்க மருந்து கொடுப்பார்கள். நடந்து ஏறியவர்கள் மூன்று மாதத்தில் படுக்கையோடு ஒட்டிவிடுவார்கள். துணி மூட்டை எடுக்கப் போனபோது பச்சை பார்த்திருக்கிறான். அதனால் அவன் எழுதவில்லை. எட்டு மாதமாக ஏழாம் அறைக்கு ஒரு வரிகூட இல்லை.

அறை துடைக்கும் அக்காவுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

"இன்னைக்கு எத்தனை?"

"மூணு."

"எழுதுடா."

"எழுதினா மேல ஏத்திடுவாங்கக்கா."

"ஏத்தட்டுமே. உனக்கென்ன, மாமனாரா அவரு?"

"மாமனாரா இருந்தா நானே தூக்கிட்டுப் போய் விட்டிருப்பேன்."

அக்கா சிரித்தாள். பிறகு அவன் கையைப் பிடித்துத் திருப்பினாள். "எங்க அடிச்சாரு?"

புலியின் வயிற்றைக் காட்டினான். அவள் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். புலிதான் தெரிந்தது. வீக்கம் இருந்தது, நிறம் இல்லை. எட்டு மாத அடியும் மைக்குள் போயிருந்தது. கிழவர் உடம்பு நேர்மாறு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். வாழைப்பழத் தோல் மாதிரி, தொட்ட இடம் கறுக்கும்.

"நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, எதைடா காட்டுவ?" என்றாள்.

அவன் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனான்.

சனிக்கிழமை சவரம் செய்துவிடும்போது அது நடந்தது. ஒரு கன்னம் முடிந்திருந்தது. ரேசரைத் தண்ணீரில் அலசிவிட்டு நிமிர்ந்தான். கிழவர் அதைப் பறித்துவிட்டார்.

"கழுத்துல என்னடா எழுதியிருக்கு? எந்த கேங்கு?"

"அலை ஐயா. கடல் அலை."

"சுரண்டி எடுத்துடறேன்."

சொன்னதைச் செய்தார். பிளேடைக் கழுத்தில் வைத்துக் குறுக்கே இழுத்தார். சூடாக இருந்தது. பிறகு ஈரமாக இருந்தது. இரண்டாவது தடவை இழுக்கும்போது பச்சை அவருடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்தான். எண்பது வயதுக் கை விடவில்லை. ரேசர் விழும்வரை அழுத்தினான். விழுந்ததும் விட்டான். சட்டைக் காலரைக் குழாயில் கழுவினான். மீதிக் கன்னத்தையும் வழித்துவிட்டான்.

கழுத்துக் கீறல் அலைகளுக்கு நடுவே இன்னொரு அலையாகப் போய்விட்டது. சாயங்காலம் கிழவரின் மணிக்கட்டுகள் கறுத்தன. ஒவ்வொன்றிலும் நான்கு விரல், ஒரு கட்டைவிரல். ரேகை எடுத்ததுபோல் சுத்தமாக.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். மாதம் ஒரு முறை வருவான். ஐம்பது வயது, டயர் கடை வைத்திருந்தான், ஆளும் அடுக்கிவைத்த டயர் மாதிரி இருப்பான். அறைக்குள் வந்தால் கதவுப் பக்கமாகவே நிற்பான். கட்டிலுக்கும் அவனுக்கும் நடுவே எப்போதும் மூன்றடி இருக்கும். அன்றைக்குத்தான் கிட்டே போனான்.

"அப்பா. கைல என்னது? யாரு பண்ணினது?"

கிழவர் நிமிர்ந்து பார்த்தார். "நூத்திப் பதினெட்டு" என்று துணி மடித்துக்கொண்டிருந்த பச்சையைக் காட்டினார்.

மகன் சத்தம் போட்டதில் மேடம் ஓடி வந்தார். மணிக்கட்டுகளைப் பார்த்தார். பச்சையின் விரல்களைப் பார்த்தார். ஒவ்வொரு விரலிலும் ஒரு நட்சத்திரம் இருந்தது.

"நீ பிடிச்சியா?"

"பிடிச்சேன் மேடம்."

"எதுக்கு?"

கிழவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே பச்சை சொன்னான். "வழுக்கப் பாத்தாரு."

"வழுக்கினா கக்கத்துல பிடிக்கணும். மணிக்கட்டுலயா பிடிப்பாங்க?"

"ரவுடியைக் கூட்டி வந்து வெச்சிருக்கீங்க" என்றான் மகன். "மூஞ்சியப் பாத்தா தெரியலையா உங்களுக்கு?"

முகத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. அதைச் சொல்ல அது நேரமில்லை.

"நான் புத்தகத்தை எடுத்துட்டு வரேன்" என்றார் மேடம். "நீ இங்கேயே நில்லு."

அவர் போனதும் மகன் கதவைச் சாத்தினான்.

முதல் அறை காதோடு விழுந்தது. வலது பக்கம் கேட்பது நின்றது. இரண்டாவது குத்து வாயில். பல் உதட்டுக்குள் போயிற்று. பச்சை கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். கை முன்னால் இருந்தால் மேலே எழும்பும். எழும்பிவிட்டால் பதினோரு பேரும் நினைத்தது சரியாகிவிடும். மகன் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். டயர் கழற்றுகிற கை. முட்டியைத் தூக்கி வயிற்றில் விட்டான். பச்சைக்கு மூச்சு வெளியே போய்த் திரும்பி வரவில்லை. கீழே உட்கார்ந்தான். செருப்புக் கால் தோளில் விழுந்தது. ஒன்று. இன்னொன்று.

"வயசான மனுசன்மேல கை வெப்பியா? வெப்பியாடா?"

"நிறுத்து."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. கிழவர் கட்டிலைவிட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். முதுகு நேராக இருந்தது. தடி கையில் இருந்தது.

"யாரைக் கேட்டு என் பிளாக்குல கை வெச்ச?"

"அப்பா, நான்..."

தடி விலாவுக்குப் போயிற்று. ஓங்காமல், குட்டையாக.

"ஒண்ணு" என்றார்.

அவ்வளவு பெரிய ஆள் திருப்பிப் பிடிக்கவில்லை. கதவும் பக்கத்தில்தான் இருந்தது. மூலைக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். முட்டியை நெஞ்சோடு சேர்த்தான். இரண்டு முன்கையையும் தலைமேல் வைத்துக்கொண்டான். உடம்புக்கே அப்படி உட்காரத் தெரிந்திருந்தது. "இல்லப்பா. இனிமே இல்லப்பா." குரல் சின்னதாக இருந்தது.

"ரெண்டு."

முழங்கையில் விழுந்தது. கை தலையைவிட்டு இறங்கியது. "மூணு" மூக்கில் விழுந்தது. நொறுங்கும் சத்தம் பச்சையின் கேட்கிற காதில் கேட்டது.

இரண்டு அடிவரை அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவதுக்குப் பிறகு எழுந்தான். நாலாவது தடி இறங்குவதற்குள் கிழவரின் மணிக்கட்டைப் பிடித்தான். அதே இடம். அதே கறுப்புக்குமேல் அதே விரல்கள். தோலுக்கு அடியில் எலும்பு நகர்வது தெரிந்தது. கிழவர் அவன் தோளில் கடித்தார். தடி விழும்வரை அவன் விடவில்லை.

கதவு திறந்தபோது அப்படித்தான் இருந்தார்கள். மேடத்துக்குப் பின்னால் அக்கா "ஐயையோ" என்றாள்.

"என்ன நடக்குது இங்க?"

மகன் சுவரைப் பிடித்து எழுந்தான். மூக்கிலிருந்து சட்டைவரை ரத்தம். புறங்கையால் துடைத்தான்.

"விழுந்துட்டேன்" என்றான்.

"என்னது?"

"வழுக்கி விழுந்துட்டேன். தரை ஈரம்."

தரை காய்ந்திருந்தது. யோசிக்காமல் வந்த பதில் அது. பலமுறை சொல்லிப் பழகிய வாய்.

மேடம் பச்சையைப் பார்த்தார். "இவர் விழுந்தாராம். அப்ப உன் கை அங்க என்ன பண்ணுது?"

"சொல்லித் தொலைடா" என்றாள் அக்கா.

பச்சை மகனைப் பார்த்தான். "நீங்க சொல்லுங்க சார்."

மகன் தரையைப் பார்த்தான். "விழுந்துட்டேன்."

மேடம் சம்பவப் புத்தகத்தைக் கட்டில்மேல் விரித்தார். "ஏழாம் அறைக்கு ஒரு வரி கிடையாது. ஏதாவது இருந்தா இப்ப எழுது. இல்லன்னா யூனிஃபார்ம் சட்டையைக் கழட்டி வெச்சிட்டு வெளிய நில்லு, போலீசுக்கு ஃபோன் பண்றேன். உன்னைப் பாத்தப்புறம் அவங்க எதையும் கேக்க மாட்டாங்க."

மிரட்டலுக்குச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். கிழவர் மூச்சிரைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தவறிப் போட்ட பொத்தானால் சட்டை கோணிக்கொண்டிருந்தது. எழுதினால் இவர் மேலே போவார். எழுதாவிட்டால் தான் வெளியே போக வேண்டும். பதின்மூன்றாவது கதவு எங்கேயும் இல்லை.

பச்சை பேனாவை வாங்கினான்.

முதல் மாதத்திலிருந்து எழுதினான். விலா, இடது பக்கம். முன்கை, எலும்பு. முழங்கால் சில்லு. சோப்பு டப்பாவால் தலை. ரேசர், கழுத்து. உதட்டிலிருந்து சொட்டிய ரத்தம் தாளில் விழுந்தது, துடைத்துவிட்டு எழுதினான். ஒன்றரைப் பக்கம் வந்தது. மேடம் நின்றபடியே சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு அவன் கைகளைப் பார்த்தார். மீன், பறவை, புலி.

"இதுல ஒண்ணாவது இருக்கா உன் உடம்புல? எதை வெச்சு நம்புறது?"

பச்சை பேனாவை மூடினான்.

"உண்மைதான்" என்றான் மகன்.

"நீங்க விழுந்தேன்னு..."

"மொதல்ல விலா. இங்க." தன் விலாவைத் தொட்டான். "அப்புறம் முன்கை. முட்டி. இதே வரிசைதான். ஓங்க மாட்டாரு. சட்டை போட்டா ஒண்ணும் தெரியாது."

அதற்குமேல் அவன் சொல்லவில்லை. மேல்மாடிப் படிவத்தைக் கொடுத்ததும் படிக்காமல் கையெழுத்துப் போட்டான். போகும்போது பச்சையின் முன்னால் நின்றான். "உன் வாய்..." என்று ஆரம்பித்தான்.

"ஆறிடும் சார்."

மேல்மாடிக்கு அழைத்துப்போக வேறு யார் வந்தாலும் கிழவர் எழவில்லை. கடைசியில் பச்சைதான் போனான். லிஃப்டில் அவன் விலாவில் முழங்கையால் ஒன்று விட்டார். பழக்கம்.

மேலே ஜன்னல் பாதிக்குமேல் அடைத்திருந்தது. ஏழு கட்டில். கம்பியில் துணிப்பட்டைகள் தொங்கின. அங்கிருந்த ஆள் ஊசி எடுக்கப் போனான். "கையைக் கட்டி வை, வந்துடறேன்" என்றான்.

பச்சை கறுத்த இடத்தைத் தவிர்த்து, கொஞ்சம் மேலே துணியைச் சுற்றினான். தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டான். கிழவர் தலையைத் தூக்கி அதைப் பார்த்தார். முகத்தில் வெறுப்பு வந்தது.

"என்னடா முடிச்சு இது? டூட்டிக்குப் புதுசா நீ?"

"ஆமாங்கய்யா."

"உள்பக்கம் போட்டா பல்லால அவுத்துடுவான். வெளிப்பக்கம் போடு."

பச்சை அவிழ்த்து வெளிப்பக்கம் போட்டான்.

"இறுக்கு."

இறுக்கினான்.

"இன்னும்."

"போதும் ஐயா."

"போதும்னு நான் சொல்லணும்."

பச்சை துணியை இன்னொரு சுற்றுச் சுற்றி இழுத்தான்.