கடலடியில் ஒரு சம்பந்தம்

1

இந்தக் கதை எனக்கு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கிடைத்தது. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லமாட்டேன். கலிபோர்னியாவின் பிளசன்டனில் வீடுகளை இவ்வளவு நெருக்கிக் கட்டினால், ரோஜாவுக்குத் தண்ணீர் விடுகிறவள் காதை எங்கே கழற்றி வைப்பாள்?

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பசிபிக்கின் ஆழ்நீல அமைதியில் இரு உள்ளங்கள்...’

(அடித்துவிட்டேன். கடலும் இல்லை, அமைதியும் இல்லை. பின்கட்டு மேஜையில் ஒரு லேப்டாப், ஸ்பீக்கர் சத்தமாக.)

2

பக்கத்து வீட்டு வான்மதிக்கு நியூஜெர்சி எடிசனில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். பெயர் கவின். இரண்டு வீட்டாருக்கும் ஊர் கோபிசெட்டிபாளையம். ஜாதகம் பொருந்தியாயிற்று, இவள் சரி என்றால் மண்டபம் பிடிக்கலாம். போனில் பேசினால் இருவரும் வானிலையைத் தாண்டவில்லை. அதனால் ஸ்கூபா டைவிங் வீடியோ கேம் ஒன்றில் சனிக்கிழமைதோறும் சேர்ந்து முங்கினார்கள். மூழ்கிய கப்பலில் புதையலை எடுத்து, காற்று தீருமுன் மேலே வரவேண்டும்.

கப்பலுக்குள் கூடுதலாக ஒரு காற்று சிலிண்டர் கிடந்தது.

“நீங்க எடுத்துக்கங்க.”

“பரவால்லீங்க, நீங்க எடுங்க.”

“எனக்கு இன்னும் இருக்குதுங்க.”

“எனக்குந்தானுங்க.”

இருவரும் செத்துப்போனார்கள்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: இந்த மரியாதை பந்தியில் யாரையும் கொன்றதில்லை. கேம் செய்தவன் கொங்கு நாட்டுக்காரர்களை நினைத்துப் பார்க்கவில்லை.)

3

கவினை அசடு என்று எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. இவளும்தானே செத்தாள்?

“வாராவாரம் இதே கதைதான் ஆன்ட்டி,” என்றாள் வான்மதி. “எனக்கு இது வேணும்னு அவரு ஒருவாட்டிகூட கேட்டதில்ல. லைஃப் பூரா இப்படியே இருந்தா, அவருக்கு என்ன வேணும்னு நான் கெஸ் பண்ணிட்டே இருக்கணுமா? அதான் வேண்டாம்னு சொல்லிரலாமான்னு...”

“நீ கேட்டியா?”

முறைத்தாள். “உங்க ரோஸ் அழுகுது ஆன்ட்டி. தண்ணிய ஸ்டாப் பண்ணுங்க.”

4

அடுத்த சனிக்கிழமை காலை. ஊரில் இருக்கும் அம்மா தூங்கப் போகுமுன் வான்மதி சம்பந்தத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நானும் ஹோஸோடு ஆஜர். கப்பலில் மறுபடியும் அதே ஒற்றைச் சிலிண்டர்.

“எனக்கு காத்து வேணுங்க.” வான்மதிதான்.



[இங்கே அவன் கொடுத்துவிட்டான் என்று எழுதினால் நல்லவன் ஆகிவிடுவான், கதை தூங்கிவிடும். பிடுங்கிக்கொண்டான் என்றால் சம்பந்தமே... வேண்டாம்.]

“எனக்கும் வேணுங்க,” என்றான் கவின்.

“நாந்தான் மொதல்ல கேட்டேன்!”

“கண்டுபுடிச்சது நானுங்க!”

“உங்க மீட்டர்ல பாதி இருக்குது. பொய் சொல்றீங்க!”

“நீ மட்டும் யோக்கியமா?”

வான்மதி சிரித்தாளா, அழுதாளா? வேலிப் பலகை மறைத்தது. அதற்குள் அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் அம்மா.

“கண்ணு, அவங்ககிட்ட என்னன்னு சொல்லட்டும்?”

“இரும்மா, இன்னும் மேல வரல!”

இரண்டு முடிவுகள் எழுதினேன். இரண்டிலும் ஒருவர்தான் மூச்சு விடுகிறார். எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. சிலிண்டரை உங்களிடம் விட்டுவிடுகிறேன். சீக்கிரம் கொடுங்கள், கோபியில் ஓர் அம்மா தூங்காமல் காத்திருக்கிறார்.