டீக்கடையிலிருந்து மூன்றாவது தூண்

என் மகள் சாப்பாட்டு மேஜையில் விரித்த வரைபடம் மேஜையைத் தாண்டி, நாற்காலியைத் தாண்டி, சமையலறைக்குள் புகுந்து அடுப்பை எட்டிப் பார்த்தது. நான் கொஞ்சம் கூட்டிச் சொல்வதாகச் சொல்வாள் என் மனைவி. சொல்லிக்கொள்ளட்டும். ஓய்வு பெற்றவனுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே அதிகாரம் கூட்டிச் சொல்வதுதான்.

வரைபடத்தில் இருந்தது நெடுஞ்சாலைப் பாலம். இருபத்தாறு வருஷம் நான் சுத்தியலால் தட்டித் தட்டி நாடி பார்த்த பாலம். துறையில் என் பெயரே சுத்தியல்தான். இப்போது பழைய தளத்தைப் பெயர்த்துவிட்டு இரண்டு அடுக்காகக் கட்டப் போகிறார்கள். கீழே வண்டி, மேலே பூங்கா. வடிவமைத்தவள் என் மகள். பன்னிரண்டு தூண்களில் பதினொன்று அப்படியே இருக்கும். ஒன்றை மட்டும் இடிக்க வேண்டும். மறுநாள் காலை தலைமைப் பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"மூணாம் தூண் மட்டும்தான்ப்பா போகுது. 'மூன்றாம் தூண் படுமோசம்'னு வருஷா வருஷம் எழுதியிருக்கீங்களே, அந்த மகான்."

"எழுதினேன். தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு கரண்டி சிமெண்டு பூசினானா எவனாவது?"

"பூசியிருக்காங்க. பதினோரு தடவை. கான்கிரீட் உறை, இரும்புப் பட்டை, எல்லாம் கோப்புல இருக்கு."

"பச்சைப் பொய்! நான் பார்க்கும்போதெல்லாம் அது பிறந்த மேனிக்கு நின்னுச்சு."

"அதான் எனக்கும் புரியல. போன மாசம் துளை போட்டுச் சோதிச்சோம். பாறை மாதிரி இருக்கு. மெஷின்லதான் கோளாறுன்னு முடிவு பண்ணினேன். எங்கப்பா சுத்தியல் தப்புமா?"

எனக்கு உச்சி குளிர்ந்தது. குளிர்ந்த உச்சியோடு வரைபடத்தின் ஓரத்தைப் பார்த்தேன். 'ஒன்று' என்ற எண் பாலத்தின் ஒரு கோடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது.

"ஏம்மா, ஒண்ணாம் நம்பரை ஏன் தொட்டிப் பக்கம் போட்டே?"

"பாலம் கட்டின நாள்லேருந்து அங்கதானேப்பா இருக்கு."

கையிலிருந்த டம்ளர் நழுவியது. விழுந்த சத்தம் பக்கத்துத் தெருவுக்கே கேட்டிருக்கும்.

துறை ஜீப் என்னை இறக்கிவிடுவது தொட்டிப் பக்கம் அல்ல, எதிர்க்கோடியில், டீக்கடை வாசலில். ஒரு டீ குடிப்பேன். குடித்த கையோடு முதல் தூணைத் தட்டுவேன். அதுதான் ஒன்று. தூண்களில் எழுதியிருந்த எண்களை நான் வேலையில் சேர்வதற்கு முன்பே வெள்ளம் கழுவிக்கொண்டு போய்விட்டது. யாரையும் கேட்கவில்லை. ஒரு பாலம் டீக்கடையில் தொடங்காமல் வேறெங்கே தொடங்கும்?

ஆக, என் மூன்று அவர்களுடைய பத்து. பத்தாம் படுக்கைக்காரனின் காய்ச்சலை மூன்றாம் படுக்கை என்று நான் எழுத, மூன்றாம் படுக்கைக்காரனுக்குப் பதினோரு ஊசி போட்டிருக்கிறார்கள்.

"பத்தாம் தூணுக்கு மேல என்ன வருது?" என்று கேட்டேன்.

"அங்கதான் பெரிய மரம், ஆறடி மண்ணு, குழந்தைங்க ஊஞ்சல் எல்லாம். 'பத்தாம் தூண் மிகச் சிறப்பு, நாளுக்கு நாள் வலுக்கிறது'ன்னு நீங்களே எழுதியிருந்தீங்க. அதை நம்பித்தான் வச்சேன்."

எழுதினேன்தான். அந்தத் தூண் வருஷா வருஷம் மாப்பிள்ளை மாதிரி பருத்துக்கொண்டே போனதைப் பார்த்துப் பூரித்து எழுதினேன்.

வாயை மூடிக்கொண்டால் என் மானம் தப்பும். ஊஞ்சல் தப்பாது. சொல்லிவிட்டேன்.

மகள் நாற்காலியைத் தேடாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அந்த மண்ணு மழையில நனைஞ்சா எத்தனை டன்னு தெரியுமாப்பா?" என்றாள். பிறகு, "நாளைக்கு நான் என்னன்னு சொல்வேன்? எங்கப்பா டீக்கடையிலேருந்து எண்ணிட்டாருன்னா?"

"நானே சொல்றேன்."

சமையலறையிலிருந்து என் மனைவி வந்தாள். "வீட்டுல உப்பு டப்பாவுல சர்க்கரையைப் போட்ட மனுஷன். பாலத்தை மட்டும் விட்டு வைப்பாரா?"

மறுநாள் காலை பாலத்தடியில் நின்றோம். நான் ஒப்பித்ததைக் கேட்ட தலைமைப் பொறியாளர் சிரித்தார். "சார், ரிட்டயர் ஆன பிறகும் உங்க குறும்பு போகலையே."

சுத்தியலை எடுத்துத் தொட்டிப் பக்கத்திலிருந்து மூன்றாவது தூணைத் தட்டினேன். கோயில் மணி தோற்றது. கணீர்!

பத்தாவதற்கு நடந்தோம். தட்டினேன். மணியும் இல்லை, மத்தளமும் இல்லை. பழைய மெத்தையை அடித்தது போல் ஒரு 'பொத்'. இன்னொரு தடவை ஓங்கினேன். சுத்தியலின் தலை உள்ளே போய்விட்டது. இழுத்தேன், வரவில்லை. மகள் பிடித்து இழுத்தாள். வந்தது. கூடவே ஒரு கூடை அளவு கான்கிரீட்டும் வந்து காலடியில் கொட்டியது. உள்ளே துருப்பிடித்த கம்பிகள் மீன் முள் மாதிரி தெரிந்தன. தலைக்கு மேலே லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

தலைமைப் பொறியாளரின் சிரிப்பு எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. ஃபோனை எடுத்தவர் பேசிய முதல் வார்த்தை, "பாலத்தை மூடு!"

கால் மணி நேரத்தில் மேலே சத்தம் அடங்கியது. என் மகள் ஜீப்பின் முன்பக்கத்தில் வரைபடத்தை விரித்தாள். பத்துக்குக் குறுக்கே கோடு போட்டாள். பெரிய மரத்தை, மண்ணை, ஊஞ்சலை எல்லாம் மூன்றின் மேல் நகர்த்தினாள். பதினோரு உறை போட்ட மூன்று, காட்டையே தூக்கி வைத்தாலும் தாங்கும். சிவப்புப் பெயிண்ட் வாங்கி வந்து, தொட்டிப் பக்கத் தூணில் ஆளுயரத்துக்கு 'ஒன்று' என்று அவளே எழுதினாள். டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்காவது லாயக்கு.

கையைத் துடைத்தவள் சட்டென்று நின்றாள்.

"அப்பா, சர்வீஸ்ல மொத்தம் எத்தனை பாலம் பார்த்தீங்க?"

"இதோட சேர்த்துப் பதினஞ்சு."

"மத்த பதினாலையும் எங்கேருந்து எண்ணினீங்க?"

தலைமைப் பொறியாளர் மெல்லத் திரும்பினார். நான் பெயிண்ட் டப்பாவைக் கீழே வைத்தேன்.

"ஒரு இடத்துல மட்டும்," என்றேன், "டீக்கடை நடுவுல இருந்துச்சும்மா."

அவர் ஜீப்பின் கதவைத் திறந்துவிட்டு, "சுத்தியலை எடுத்துக்கிட்டு ஏறுங்க சார்," என்றார்.