கடலில் கிடந்த செங்கால் தவளைகள்

மெர்வ் டன்ஸ்டாலை நான் திட்டாத வாரமில்லை. வனத்துறைக்காரர். மலையெல்லாம் ஏறி இறங்கித் தவளைகளைக் கணக்கெடுப்பார். எழுதுவது மட்டும் அவர் இஷ்டம். அருங்காட்சியகம், பல்கலைக்கழகம், மீன்வளத்துறை, வனத்துறை என்று நான்கு இடத்து உயிரினப் பதிவுகளையும் ஒரே தேடலில் கொண்டுவரும் வேலை ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸில் என் தலையில் விழுந்திருந்தது. நாலு பேரும் நாலு விதமாக எழுதுவார்கள். ஆராய்ச்சியாளர் ஒரு பெயரைத் தட்டினால் எல்லாம் வந்து நிற்க வேண்டும். மூன்று வருடம் என் உயிரை வாங்கிய வேலை.

மார்ச் மாதம் மெர்வ் போன் செய்தார்.

"நோலீன், பிரிக்மன் ஓடையில நான் பாத்த செங்கால் தவளைங்க உன் பொட்டிக்குள்ள வந்துருச்சாம்மா? குவாரி ரோட்டுக்கு அந்த ஓடைய மூடலாமான்னு வியாழக்கிழமை முடிவெடுக்குறாங்க. உன் தேடலத்தான் பாப்பாங்களாம்."

"எல்லாம் வந்தாச்சு மெர்வ். உங்க கோழிக்கிறுக்கலையும் சேத்துத்தான்."

"ஒரு தடவ தட்டிப் பாரேன். நாளைக்கு நான் காட்டுக்குள்ள போறேன், மூணு வாரம் போன் எடுக்காது."

"எனக்கு வேற வேலை இல்லையா?"

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். நான் தட்டிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை அதிகாரி தேடியிருக்கிறார். பிரிக்மன் ஓடை: பதிவு எதுவும் இல்லை. அன்றைக்கே அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

காட்டிலிருந்து வந்த மெர்வ் நேராக என் மேசைக்கு வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. நோட்டுப் புத்தகத்தை என் முன்னால் விரித்தார்.

"இருபத்தாறு தவளைம்மா. அந்த ஓடைய விட்டா வேற எங்கயும் யாரும் அத பாத்ததில்ல. பதிவே இல்லன்னு எப்படிச் சொல்லுது?"

ஓடையின் அட்சரேகையை 17.38 என்று எழுதி, பக்கத்துக் கட்டத்தில் தெற்கு என்பதற்கு ஒரு எஸ் போட்டிருந்தார். வனத்துறையில் அதுதான் வழக்கம். அருங்காட்சியகத்தார் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போடுவார்கள். எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள் என்று நினைத்து, நான்கையும் சேர்த்தபோது அந்த எஸ் கட்டத்தையே நான் விட்டிருந்தேன். குறி இல்லாத எண்ணைத் தேடல் வடக்கு என்று எடுத்துக்கொண்டது. தரையில் வாழும் உயிர் கடலில் இருப்பதாகக் காட்டினால் அது பிழை, ஒதுக்கிவை என்று ஒரு விதியும் எழுதியிருந்தேன். அதை எழுதிய அன்று எனக்கு எவ்வளவு பெருமை!

ஒதுக்கிவைத்ததைத் திறந்தேன். பசிபிக்கில் குவாம் தீவுக்கு வடக்கே, நடுக்கடலில், இருபத்தாறும் இருந்தன.

மெர்வ் குனிந்து பார்த்தார். "நீந்திப் போயிருக்குங்க போல."

இருவருமே சிரிக்கவில்லை.

"தப்பு என்னோடது மெர்வ்."

"கையெழுத்து என்னோடதுதானம்மா. நீதான் எப்பவும் சொல்லுவியே."

"இல்ல. கையெழுத்து நல்லாத்தான் இருக்கு. நான்தான் பாக்கல. நீங்க கேட்டும் பாக்கல."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, குறியப் போடு," என்றார்.

போட்டேன். இருபத்தாறு புள்ளிகளும் கடலை விட்டு பிரிக்மன் ஓடைக்கு வந்து சேர்ந்தன. ஓடையை ஜல்லி கொட்டி மூடி அன்றோடு பன்னிரண்டு நாள்.

இப்போது யார் தேடினாலும் இருபத்தாறும் வருகின்றன.