அசையாத கட்டைவிரல்

மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். தரம் பார்க்கும் வேலை. திருகு மயிரிழை தளர்ந்திருந்தாலும் சட்டத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டுக்குப் போனாலும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்கத் தெரியாது. மனைவி தரும் டீயைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

அப்படிப்பட்ட மனிதருக்குத் தங்கை புருஷன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

மாப்பிள்ளைக்கும் அதே தொழிற்சாலைதான். அவர் திருகு பூட்டுவார், பூதக்கண்ணாடி சரிபார்ப்பார். மாப்பிள்ளையின் வேலை அடுத்த மாதம்தான் நிரந்தரமாவதாக இருந்தது. தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டுப் போட்டியில் இருவரும் ஒரே ஜோடி. விண்கலத்தை ஓட்டிக்கொண்டே எதிரிகளைச் சுட வேண்டும். ஒரு அழுத்தலுக்கு ஒரு குண்டுதான். கன்ட்ரோலரில் ஏதாவது தில்லுமுல்லு செய்து தானாகச் சுட வைத்தால், ஜோடியையே வெளியே அனுப்பிவிடுவார்கள். தொழிற்சாலை முழுக்கச் சந்தி சிரித்துவிடும்.

கொஞ்ச நாள் பயிற்சிக்கு வராமல் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்த மாப்பிள்ளை, திடீரென்று ஒரு புதுக் கன்ட்ரோலரோடு வந்து உட்கார்ந்தார். அதன் முதுகில் நான்கு பட்டன்கள். எந்தப் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரில் நாமே சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாமாம். அதை மடியில் வைத்து மேலே ஒரு துண்டை வேறு போட்டுக்கொண்டார்.

"துண்டு எதுக்கு மாப்பிள்ளை?"

"கை வேர்க்குது மச்சான்."

"பின்னாடி பட்டன்ல என்ன வச்சிருக்கீங்க?"

"சும்மா, ஒரு வசதிக்கு."

மடியில் கனமில்லாதவன் இப்படியா மழுப்புவான்? அன்று துண்டு கொஞ்சம் விலகியபோது பூதக்கண்ணாடி பார்த்துவிட்டார். திரையில் குண்டுகள் மழையாகப் பாய்கின்றன, சுடும் பட்டனை அழுத்த வேண்டிய வலது கட்டைவிரலோ அசையவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை இடது கையில் டம்ளரைப் பிடித்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மேசைமேல் இருந்த கன்ட்ரோலரை இவர் எடுத்ததுதான் தாமதம், தங்கை ஓடிவந்து பிடுங்கினாள்.

"அதைத் தொடாதீங்கண்ணா! அவர் கஷ்டப்பட்டு செட் பண்ணினது."

சரிதான், இவளும் கூட்டுக் களவாணி. கூடப் பிறந்தவளே மறைக்கிறாள் என்றதும் பூதக்கண்ணாடிக்கு ஆத்திரமாக வந்தது.

இறுதிப் போட்டி தொழிற்சாலைக் கேன்டீனில். முன்வரிசையில் மேலாளர். ஆட்டத்துக்கு முன் மாப்பிள்ளை முகம் கழுவப் போனார். பூதக்கண்ணாடி சட்டைப்பையிலிருந்த குட்டித் திருப்புளியை எடுத்தார். கன்ட்ரோலரின் அடியில் இருந்த ஊசித் துளைக்குள் விட்டு, விளக்கு சிமிட்டி அணையும் வரை அழுத்தினார். சொல்லிக் கொடுத்ததெல்லாம் அழிந்து, கடையில் வாங்கியபோது இருந்த நிலைக்கு அது வந்துவிட்டது. தோற்றாலும் மானத்தோடு தோற்போம் என்று நினைத்தார். சரியானதைச் செய்துவிட்ட நிம்மதிகூட வந்தது.

ஆட்டம் தொடங்கியது. மாப்பிள்ளையின் விண்கலம் ஊமையாக மிதந்தது. அவர் முதுகுப் பட்டன்களை மாறி மாறி அழுத்தினார். துண்டு கீழே விழுந்தது. பிறகு, எல்லோரும் பார்க்க, இடது கையால் தன் வலது கட்டைவிரலைத் தூக்கிச் சுடும் பட்டன்மேல் வைத்தார். அது நழுவி விழுந்தது. மறுபடியும் தூக்கி வைத்தார். மறுபடியும் விழுந்தது.



"மச்சான், இதைத் தொட்டீங்களா?" என்று கேட்டார் மாப்பிள்ளை. குரலில் கோபம்கூட இல்லை. "கட்டைவிரல்ல உணர்ச்சியே இல்ல. அதான் சுடுறதைப் பின்னாடி பட்டனுக்கு மாத்தி மத்த விரலால அழுத்தினேன். வேலை நிரந்தரமானதும் சொல்லலாம்னு இருந்தோம். நீங்கதானே தரம் பாக்குறீங்க, உங்களையும் எதுக்கு இழுத்து விடணும்னு உங்க தங்கச்சிதான் மறைக்கச் சொன்னா."

இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு என்னத்தைப் பார்த்தோம் என்று பூதக்கண்ணாடிக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

மேலாளர் எழுந்து வந்தார்.

"இந்தக் கையோடயா இத்தனை நாள் திருகு பூட்டினார்?"

"இடது கையால பூட்டியிருப்பார் சார்."

"அதையெல்லாம் பாஸ் பண்ணினது நீங்கதானே?"

"ஒண்ணுலகூடக் குறை இல்ல சார். சத்தியமா. எல்லாத்தையும் நானே பாத்தேன்."

"உங்க தங்கச்சி வீட்டுக்காரர், இல்ல?"

மேலாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார். அது பூதக்கண்ணாடிக்கு நன்றாகத் தெரிந்த பார்வைதான். அந்தப் பார்வைக்கு முன்னால் எந்தச் சத்தியமும் எடுபடாது என்பதும் தெரியும். தன் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த திருப்புளியைக் அவர் கையால் மறைத்துக்கொண்டார்.