சொந்த விருப்பத்தின் பேரில்

திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் குழந்தைகள் நலக் குழு கூடுகிறது. அதற்குள் சித்ராதேவி வேலையில் இருக்கிறாள் என்று கம்பெனி லெட்டர்பேடில் எழுதி, சீல் வைத்து, ஒரு கடிதம் வேண்டும். இருந்தால் காப்பகத்திலிருந்து மகள் சுபஸ்ரீயைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து வாம்மா என்பார்கள். நாலு வயதில் விட்டுப் போன பிள்ளைக்கு இப்போது பத்து.

விட்டுப் போனாள் என்றால், ஆசைப்பட்டா போனாள்? உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்து மண்ணரையில் குடியிருந்தபோது, புருஷன் தன் அண்ணனை வீட்டுக்குள் வைத்து வெட்டினான். இவள் கதவைச் சாத்தினாள். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை பார்த்துவிடக் கூடாதே என்று சாத்தினாள். அந்த ஆள் தப்பிவிடாமல் இருக்கச் சாத்தினாள் என்று கோர்ட் சொல்லிவிட்டது. ஆறு வருடம் சிறை.

வெளியே வந்ததும் மூன்று பனியன் கம்பெனிகளில் உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். மூன்றிலும் உள்ளே விடவே இல்லை. நாலாவதாக, தன் முகம் யாருக்கும் தெரியாத அனுப்பர்பாளையத்தில், கந்தப்பன் கம்பெனியில், வாயைத் திறக்கவில்லை. ஓவர்லாக் மிஷினில் உட்காரவைத்து ஒரு பீஸ் தைக்கக் கொடுத்தார்கள். தையலை இழுத்துப் பார்த்த முதலாளி கந்தப்பனே அசந்துபோனார்.

"எங்கீங்க அம்மிணி தச்சுப் பழகுனீங்க?"

"கோயமுத்தூர்ல, யூனிபார்ம் தைக்கிற எடத்துல சார்."

இதில் பொய் எங்கே இருக்கிறது? சிறைக்குள் யூனிபார்ம் தைத்தவள்தானே.

கந்தப்பன் நல்ல மனிதர். அதுதான் வயிற்றெரிச்சலே. ஹெல்பர் பெண்களைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். பிள்ளை ஹாஸ்டலில் இருக்கிறது, கூட்டி வர ஒரு லெட்டர் வேண்டும் என்று இவள் கேட்டதும், "அதுக்கென்னுங்க, சனிக்கெழம வாங்கிக்குங்க" என்றுவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் பக்கத்து மிஷினில் ஜோதிகாவின் ஊசி உடைந்தது. கைக்குழந்தைகள் போடும் உடுப்பு அது. உடைந்த துண்டுகளையெல்லாம் பொறுக்கி, முழு ஊசியாகச் சேர்த்து நோட்டில் டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் லைன் மொத்தமும் நிற்கும். முனையைக் காணோம்.

"ஆரும் எந்திரிச்சுப் போகாதீங்க! ஊசி முனையக் காணோம்!" என்று சூப்பர்வைசர் பழனாத்தாள் கத்தினாள். "அவங்கவங்க பீஸ எடுத்துப் பாருங்க!"

சித்ராதேவி யோசிக்கவே இல்லை. உடம்பு தானாக எழுந்துகொண்டது. சிறைத் தையல் கூடத்தில் ஊசி காணாமல் போனால் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தது. கொண்டையை அவிழ்த்து உதறினாள். முந்தானையை உதறிக் காட்டினாள். செருப்பைக் கழற்றிக் கவிழ்த்தாள். காலை அகட்டி, இரண்டு கையையும் தூக்கி, வாயை ஆவென்று திறந்து, நாக்கை மேலே மடித்துக்கொண்டு நின்றாள். யாராவது வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லும்வரை அசையக் கூடாது. அசையவில்லை.

ஹாலே பார்த்தது. ஜோதிகா முதலில் களுக்கென்று சிரித்தாள், பிறகு அவளும் நிறுத்திக்கொண்டாள்.

"ஏனுங்க, என்னங்க பண்றீங்க?" என்று பழனாத்தாள் தோளைத் தொட்டபோதுதான் சித்ராதேவி வாயை மூடினாள். அடிப் பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டேன் என்று அவசரமாகக் கொண்டையை முடிந்தாள்.

ஜோதிகாவின் மிஷினுக்கு அடியில் விட்டுத் துழாவிய காந்தத்தில் முனை ஒட்டிக்கொண்டு வந்தது. லைன் ஓடத் தொடங்கியது. ஐந்து மணிக்குக் கந்தப்பன் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காருங்க அம்மிணி. அத எங்கீங்க பழகுனீங்க?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? சொன்னாள். கதவைச் சாத்தியதையும் சொன்னாள்.

"உங்க மேல எனக்கு ஒரு சங்கடமும் இல்லீங்க. ஆனா பாருங்க, லைன்ல பூராப் பொண்டு புள்ளைங்க. நாளைக்கு அவங்க ஊட்டுல வந்து கேட்டா நான் என்னன்னு சொல்றதுங்க? நீங்களே நின்னுட்டீங்கன்னா உங்களுக்கும் மரியாதைங்க."

கடிதத்தைத் தானே டைப் அடித்து, சீல் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். தையலில் கெட்டிக்காரர், நல்ல நடத்தை உள்ளவர் என்று தாராளமாகப் புகழ்ந்திருந்தார். கடைசி வரியில், 'இன்றுடன் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து நின்றுகொண்டார்' என்று இருந்தது.

சித்ராதேவி அந்த வரியை மறுபடி படித்தாள். திங்கட்கிழமை குழுவில் இதை எப்படிப் படிப்பார்கள்? பிள்ளை வேண்டும் வேண்டும் என்று அழுதவள், இரண்டு நாள் பொறுக்க மாட்டாமல் கிடைத்த வேலையைத் தானே உதறிவிட்டு வந்திருக்கிறாள் என்றல்லவா படிப்பார்கள்!

"சார், இந்தக் கடேசி வரிய மட்டும் எடுத்துருங்க சார். வேலையில இருக்கேன்னு இருக்கட்டும். திங்கக்கெழம ஒருநா மட்டும் போதும் சார். எம்புள்ள சார்..."

கந்தப்பனின் முகம் நிஜமாகவே வாடிவிட்டது.

"ஏனுங்க அம்மிணி, என்னையப் பொய் எழுதச் சொல்றீங்களாங்க?" என்று மனசாரக் கேட்டார்.